மூங்கில் துறைக்கு ஒரு மனு

நம்மூர் ஆற்றங்கரையில் கப்பல் ஆபீசு என்று ஒரு கட்டடம் இருந்ததே, அது எதற்காகக் கட்டியது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நம் பள்ளிக்கூடத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்தபோது இந்தப் பேச்சை மெதுவாக எடுத்துவிட்டேன். வெள்ளைக்காரன் குதிரை லாயம் என்றாள் ஒருத்தி. புளி மண்டி என்றான் இன்னொருவன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். அந்தத் தரையில் நொண்டி விளையாடி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட நாமே இப்படிப் பேசினால் மற்றவர்களை என்ன சொல்வது? அதன் சரித்திரத்தைக் கண்டுபிடித்தது எங்கள் அக்கா. அதோடு சேர்ந்து நான் செய்த ஒரு கோமாளித்தனமும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், இனிமேலும் வாயை அடக்க முடியாது.

கட்டடம் உங்களுக்கு மறந்திருக்காது. ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்பெண்ணையைப் பார்த்து நின்றது. இரண்டு மாட்டுவண்டி ஒன்றாக நுழையும் அகலத்தில் வாசல். வாசலிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் கருங்கல் படிகள். சுவரில் பதித்த இரும்பு வளையங்கள், நம் கை நுழைந்து வெளியே வரும் பருமன். உள்ளே வௌவால் நாற்றமும் பழைய சுண்ணாம்பின் குளிர்ச்சியும். பெரிய கூடத்தின் தரை முழுக்கச் சுண்ணாம்புக் காரை, அதில் நகம் புதையும் ஆழத்துக்கு நீள நீளமாக வளைந்த கோடுகள். நாகராஜா ஊர்ந்த தடம் என்று பையன்கள் பயமுறுத்துவார்கள். நாம் அதன்மேல் கோடு மிதிக்காமல் நொண்டி அடிப்போம். கடலோ எங்கேயோ கடலூரில், ஆறோ மூன்று மாதம் தண்ணீர், ஒன்பது மாதம் மணல். இதில் கப்பல் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "கப்பலுக்குப் போறவங்கல்லாம் எறங்குங்க" என்று பஸ் கண்டக்டர் தினமும் கிண்டல் செய்வார், நாமும் சிரித்துக்கொண்டே இறங்குவோம்.

வாசலுக்கு மேலே சாந்தில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. மூங்கில்துறைப்பட்டு. அதில் கடைசிப் பகுதி எப்போதோ பெயர்ந்து விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது 'மூங்கில்துறை' மட்டும். அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் நமக்கு அரசாங்கத் துறைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கல்வித் துறை, காவல் துறை, வருவாய்த் துறை, வனத் துறை. ஒப்பித்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் போன நான் அந்த எழுத்தை அண்ணாந்து பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று. இவ்வளவு பெரிய கட்டடம், மூங்கில் துறை என்ற பெயர்ப் பலகை, உள்ளே வேலை பார்க்க ஒரு ஆள் இல்லை. எல்லா இடமும் காலி.

எனக்கு ஏன் அவ்வளவு பரபரப்பு என்றால், அக்காவுக்கு வேலை வேண்டும். எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண் அவள்தான். அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தை மாசத்துக்குள்ள வேலக் கடுதாசி வந்தா வேலைக்குப் போ. வரலன்னா திருக்கோவிலூர் சம்பந்தத்த முடிச்சிடுவேன்." திருக்கோவிலூர் மாப்பிள்ளைக்கு அரிசி ஆலை இருந்தது. பெண் பார்க்க வந்தவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், திமிலைத் தட்டினார், காபி குடித்துவிட்டுப் போனார். அக்கா அன்றிலிருந்து கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அழுதாள். அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் பாத்திரத்தைக் கழுவி வாங்கி வைப்பது நான்.

அது இட ஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்த காலம். எங்கள் சித்தப்பா அதில் முன்னால் நிற்கிற ஆள். ஒரு நாள் கட்டைவண்டி நுகத்தடியில் உட்கார்ந்து கோஷம் பழகிக்கொண்டிருந்தார். எல்லாத் துறையிலும் எங்களுக்கு இடம் வேண்டும் என்று ஒவ்வொரு துறையாகக் கூவினார். நான் பக்கத்தில் போனேன்.

"எல்லாத் துறையிலயும்னா, நம்மூரு துறையிலயுமா சித்தப்பா?"

"நம்மூரு, வெளியூரு, எல்லாந்தான். ஒண்ணுகூட வுடமாட்டோம்" என்றார். அவர் காதில் நான் கேட்டது பாதிதான் விழுந்திருக்கும். எனக்கு அது போதும்.

அன்றைக்கே மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி. 'உயர்திரு அதிகாரி அவர்கள், மூங்கில் துறை, கப்பல் ஆபீசு, ஆற்றங்கரை.' வேலைக்கு விண்ணப்பம் போட அக்கா வாங்கி வைத்திருந்த தபால்தலையில் ஒன்றைத் திருடி ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே திருட்டு அதுதான், அதற்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

அடுத்த இரண்டாம் நாள் சாலை மறியல் ஆரம்பித்தது. சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நமக்கு அந்த வாரம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அண்ணாந்து பார்த்தே பழகிய உச்சிக்கிளை தரையில் கிடக்கிறது, தார் ரோட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஞ்சுப் புளி தின்கிறோம், ஒரு ஹாரன் சத்தம் இல்லை. பல் கூசிக் கூசி இரண்டு நாள் சோறு மெல்ல முடியவில்லை. கூலிக்குப் போக வழியில்லாமல் காலனி வீடுகளில் அந்த வாரம் அடுப்பு சரியாக எரியவில்லை, பயத்தில் கதவும் திறக்கவில்லை என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அந்தப் புளியமரங்களின் நிழலும் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு எனக்கு எல்லாம் திருவிழா.

மூன்றாம் மரத்துக்கும் நான்காம் மரத்துக்கும் நடுவில் ஒரு ஜீப் மாட்டிக்கொண்டது. உள்ளே ஓவர்சீயர் அம்மா. பொம்பிளை அதிகாரி ஒருத்தரை நம்மூர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் கடிகாரம், தோளில் தோல் பை, முகத்தில் பயம் இல்லை. ஜீப்பை மறித்தது சித்தப்பாதான். மறித்துவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மறியல்னா மறியல்தான், வண்டிய வுட முடியாது. ஆனா சாப்பாடு, தங்கறது எல்லாம் எங்க வூட்லதாங்க" என்று சொல்லி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

அந்த அம்மா வந்ததே கப்பல் ஆபீசை அளக்கத்தான். அந்த இடத்தில் பம்ப் ஹவுஸ் கட்டலாமா, பழைய கட்டடத்தை இடிக்கலாமா என்று அறிக்கை கொடுக்க வேண்டும். உடன் வர வேண்டிய ஆள் மறியலில் வரவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருத்தர் வேண்டும் என்றார். சித்தப்பா முன்னால் வந்தார். "நீங்க மறியலப் பாருங்க" என்று அந்த அம்மா சிரித்தபடி சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். எங்கள் அம்மா உதட்டைச் சுழிப்பதற்குள் அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அப்பா கரும்புக் கொல்லையில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

வட்டமான தோல் கூட்டுக்குள் துணி டேப்பு. அதைச் சுருட்ட ஒரு பித்தளைக் கைப்பிடி. சுருட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சர்ரென்று அது உள்ளே ஓடும் சத்தத்துக்காக நான் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்திருப்பேன். அக்கா மறுமுனையில் நின்று அளவைச் சொல்லச் சொல்ல ஓவர்சீயர் அம்மா எழுதுவார். முதல் நாள் கீச்சுக்குரலில் சொன்னவள் இரண்டாம் நாள் கூடம் அதிரும்படி சொன்னாள்.

தரைக்கு வந்தபோது அந்த அம்மா நோட்டில் 'தரையெங்கும் விரிசல்' என்று எழுதினார். விரிசல் விட்ட கட்டடம் என்றால் இடிக்க வேண்டியதுதான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "விரிசல் இல்லீங்க. விரிசல் ஜோடி ஜோடியா வராதுங்க."

அந்த அம்மா பேனாவை மூடினார். மூன்று பேரும் ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். தென்னந்துடைப்பத்தால் தேய்த்தோம். வௌவால் எச்சமும் மண்ணும் போகப் போக, கோடுகள் எழுந்து வந்தன. நடுவில் ஒரு நேர்க்கோடு. அதற்கு இடப்பக்கம் ஒரு வளைவு என்றால் வலப்பக்கம் அதே வளைவு. ஒவ்வொன்றின் நுனியிலும் க, உ, ங என்று எழுத்து. யாரோ அரிச்சுவடி பழகியிருக்கிறார்கள் என்றேன் நான். "எழுத்து இல்ல, தமிழ் எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார் அந்த அம்மா. என்னவென்று அவருக்கும் விளங்கவில்லை. ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஒரு வளைவின் மேலேயே அடிமேல் அடி வைத்து நடந்தாள். "கலப்பைக்கு மரம் பாக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள். கலப்பைக்கு மரம் எடுப்பவர்கள் நேர் மரத்தை வளைக்க மாட்டார்கள். அளவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அந்த வளைவோடு வளர்ந்த கிளையைத்தான் தேடுவார்கள். அப்பாவோடு போய் இதைப் பார்த்திருக்கிறாள் அவள். "ஆனா இம்மாம் பெரிய கலப்ப எதுக்குன்னுதான் தெரியல."

அப்போதுதான் வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். பொண்ணு அதிகாரியோடு டேப்பு பிடிக்கிறாள் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளை இழுத்துப்போக வந்தவர் முகம் அது. கையில் கரும்பு வெட்டும் கத்திகூட அப்படியே இருந்தது. அக்கா டேப்பைக் கீழே போட்டாள்.

ஓவர்சீயர் அம்மா எழுந்து, "வாங்க. உங்க பொண்ணு ஒண்ணு சொல்லுது, சரியான்னு பாத்து சொல்லுங்க" என்றார்.

அப்பா செருப்பை வாசலில் விட்டார். கத்தியைச் சுவர் ஓரம் சாத்தினார். அக்கா நடந்த அதே கோட்டின் மேல் நடந்தார், குனிந்து தடவினார், எதிர்ப்பக்க வளைவையும் போய்ப் பார்த்தார். "கொழந்த சொல்றது நெசந்தாங்க. மரத்துக்கு வெச்ச அளவு. இவ்ளோ வளவுள்ள மரம் கீழ்நாட்ல கெடைக்காது, கல்வராயன் மலையிலதான் கெடைக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பக்கமும் விலா எலும்பு கணக்கா இருக்குது" என்றார்.

"கப்பலுப்பா" என்றாள் அக்கா. அவள் குரல் கிரீச்சிட்டது. "கப்பலோட விலா. பேருதான் வெச்சிக்கினு இருக்கறமே, கப்பல் ஆபீசுன்னு."

எனக்கு அந்தக் கணம் கூடம் முழுக்கக் கப்பலாகவே தெரிந்தது. மலையிலிருந்து வண்டியில் மரம் வரும். இந்தக் கோட்டின் மேல் கிடத்தி அளவு பார்ப்பார்கள். சரியாக இருந்தால் எண் போட்டு ஆற்றில் விடுவார்கள். கடலூர்ப் பக்கம் கரையில் எண்படி எடுத்துப் பூட்டுவார்கள். நாம் நொண்டி அடித்தது கப்பலின் வயிற்றுக்குள்.

"பச்ச மரம் தண்ணியில முழுவிப் பூடுமே" என்று அந்த அம்மா கேட்டார்.

"மூங்கில சேத்துக் கட்டி வுட்டா மெதக்கும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து வாசலின் தலைப்பக்கத்தைப் பார்த்தார். "அதான் மூங்கில் துறை. மூங்கில் கட்ற படித்துறை. இத்தினி வருசமா இங்கியே இருந்துக்கினு இது தெரியல பாருங்க."

அவர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறை என்றால் படித்துறை. அப்படியென்றால் ஆபீசு, அதிகாரி, அக்காவுக்கு வேலை? நான் அதை நினைத்து முடிப்பதற்குள் தபால்காரர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். வெளியூர் மூட்டை வராததால் அவர் கையில் உள்ளூர்க் கடிதம் நாலைந்துதான் இருந்தது.

"மூங்கில் துறை அதிகாரின்னு போட்டிருக்குதுங்க. நாலு நாளா யாருகிட்ட குடுக்கறதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன். கப்பல் ஆபீசுக்கு வந்த ஒரே அதிகாரி நீங்கதான், வாங்கிக்கோங்க."

அந்த அம்மா பிரித்தார். நான் தூணுக்குப் பின்னால் போனேன். அவர் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார், பாதியில் நிறுத்த அவருக்கும் தெரியவில்லை.

'பொருள்: என் அக்காவுக்கு மூங்கில் துறையில் வேலை வேண்டி. ஐயா, தங்கள் ஆபீசில் எல்லா இடமும் காலியாக உள்ளதை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் அக்கா கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர். தை மாதத்துக்குள் வேலை தராவிட்டால் மாட்டோடு மட்டும் பேசும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். எங்கள் அக்கா கிணற்றடியில் அழுகிறார். அது எங்கள் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் கட்டிக்கொடுக்க மாட்டார். ஆகவே ஐயா அவர்கள் மனம் இரங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போய்ச் சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஆட்டினார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றுப்படியில் இறங்கிப் போய்விட்டார். ஓவர்சீயர் அம்மா என்னைத் திட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. மனுவின் ஓரத்தில் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தன் கோப்புக்குள் வைத்தார். பிறகு நோட்டை எடுத்து, விரிசல் என்ற வரியை அடித்தார்.

மரங்களை அகற்றினார்கள், ஜீப் போய்விட்டது. பம்ப் ஹவுஸை ஐம்பது அடி தள்ளிக் கட்டினார்கள். நான் தீபாவளி வரைக்கும் தபால்காரர் சைக்கிளின் பின்னால் ஓடினேன். வேலைக் கடுதாசி எதுவும் வரவில்லை.

மார்கழியில் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளையின் தாய்மாமனும் இன்னும் இரண்டு பேரும் நாள் குறிக்க வந்து உட்கார்ந்தார்கள். அக்கா உள்ளறையில். கொல்லையிலிருந்து வந்த அப்பா கையில் ஒரு பழுப்புக் கவர், மேலே அரசு முத்திரை, ஒரு ஓரம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. வழியில் தபால்காரர் கொடுத்தார் என்றார். எல்லோருக்கும் நடுவில் நின்று கடகடவென்று வாசித்தார்.

"தங்கள் மனு கிடைத்தது. மனுதாரரின் அக்காவுக்கு வேலை தருவது பற்றி மூங்கில் துறை ஆலோசித்து வருகிறது. பதில் வரும்வரை அவருக்கு வேறு ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

"எவ்ளோ நாளு ஆவும்?" என்றார் தாய்மாமன்.

"சர்க்காரு காரியம். வருசம்கூட ஆவுங்க. மீற முடியாதில்ல?" என்று அப்பா கையைப் பிசைந்தார். வந்தவர்கள் முத்திரையைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். தையில் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று அப்பா அக்காவைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். அவள் சர்வேயராகி, மாவட்டம் முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்து, இப்போது ஓய்வு பெறப்போகிறாள்.

கவரை அப்பா அன்றைக்கே தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சர்க்கார் காகிதம், யாரும் தொடக் கூடாது என்றார். இத்தனை வருஷமும் நான் இதைப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பத்து வயதில் ஒரு மனு போட்டேன், அரசாங்கமும் ஏமாந்தது, எங்கள் அப்பாவும் ஏமாந்தார் என்று. அப்பாவின் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

கப்பல் ஆபீசை அந்தப் பெரிய வெள்ளம் கொண்டுபோயிற்று, உங்களுக்குத் தெரியும். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். போன பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது தகரப்பெட்டியைத் திறந்தேன். முழுக்கச் சர்க்கரை ஆலையிலிருந்து வந்த கரும்பு வெட்டு உத்தரவுகள், வருஷவாரியாகக் கட்டு. அவற்றுக்கு நடுவில் அந்தப் பழுப்புக் கவர். உள்ளே இரண்டே வரி.

'மூங்கில் துறை என்ற பெயரில் அரசில் எந்தத் துறையும் இல்லை. ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது.'

அக்காவுக்குப் போன் போட்டேன். வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. அவருக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி இல்லாம ஒரு எழுத்து தெரியாது. கண்ணாடி மாடத்துல இருந்திச்சு, எனக்கு நேரா."

"ஏன்டி சொல்லல? நான் பீத்திக்கினு இருந்தப்பகூட?"

"நாம நம்பிட்டம்னு அவரு நம்பிக்கினு இருந்தாரு. அத எதுக்குக் கெடுக்கணும்?"

ஆகவே பந்தியில் சண்டை போட்டவர்களுக்குச் சொல்கிறேன். அது லாயமும் இல்லை, புளி மண்டியும் இல்லை. கப்பலுக்கு மரம் தேர்ந்த இடம். அதோடு, மூங்கில் துறை என்று ஒரு துறையும் அங்கே நிஜமாகவே இருந்தது. அதில் ஒரே ஒரு அதிகாரி. கண்ணாடி போடாமலே கோப்பு பார்ப்பார்.